திரைக்குப் பின்னே ஒரு கொலை



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, விடுதி அறையில் நண்பர்கள் நால்வர் கூடிக் கணினியில் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். 1943ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘லேடி ஆஃப் பர்லெஸ்க்’. ஆட்டக் கொட்டகை ஒன்றின் ஒப்பனை அறையில் கொலை நிகழ்கிறது. கொலை செய்தவர் யார்? இதுவே கதை. படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நாங்கள் பந்தயம் கட்டினோம். தோற்றவர் மறுநாள் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும்.

நால்வருமே தோற்றோம். தோற்றது பெரிதன்று. நால்வரும் யார் யார் பெயரைச் சொன்னோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். நால்வரும் அங்கு ஆடிய பெண்களில் ஒருத்தியையே சொல்லியிருந்தோம்! கொட்டகையின் உரிமையாளர் இருந்தார், முரடன் ஒருவன் இருந்தான், கோமாளிகள் இருந்தனர், மேடை வேலைக்காரர் இருந்தனர். இவர்களுள் ஒருவர் மீதேனும் எங்களுக்கு ஐயம் எழவில்லை. ஏன்? அந்த ‘ஏன்’தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஆட்டக் கொட்டகையின் கதை

‘பர்லெஸ்க்’ என்பது என்ன என்று முதலில் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்க நகரங்களில் நடைபெற்ற மேடைக் கேளிக்கை அது. கோமாளிகளின் நகைச்சுவைத் துணுக்குகள் வரும், பாட்டு வரும், பெண்கள் வரிசையாக நின்று ஆடும் ஆட்டம் வரும். இவற்றிற்கு நடுவே ஆட்டக்காரி ஒருத்தி இசைக்கு ஏற்பத் தன் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடுவாள். குறைந்த கட்டணத்தில் உழைப்பாளி மக்கள் கண்டு களித்த ஆட்டம் இது. மேல்தட்டினர் இதைப் பழித்தனர். பழித்தவர்களிலும் பலர் வந்து பார்த்தனர்.

1937இல், லாகார்டியா என்பவர் நியூயார்க் நகர மேயராக இருந்தபோது, அந்நகரத்துப் பர்லெஸ்க் கொட்டகைகளின் உரிமங்களைப் புதுப்பிக்க அதிகாரிகள் மறுத்தனர். 1942ஆம் ஆண்டளவில் அக்கொட்டகைகள் அந்நகரில் இல்லாமலே போயின. அதற்கு மறு ஆண்டில் வெளிவந்ததே நாம் பேசும் படம். மூடப்பட்ட கொட்டகையின் கதவை மீண்டும் ஒருமுறை திறந்து, உள்ளே இருந்தவர்கள் யார் என்று காட்டிய படம் எனலாம்.

இதை இயக்கியவர் வில்லியம் வெல்மன். தயாரித்தவர் ஹண்ட் ஸ்ட்ராம்பர்க். டிக்ஸி டெய்சி என்னும் ஆட்டக்காரியாக நடித்தவர் புகழ்பெற்ற பார்பரா ஸ்டான்விக். இவர் புரூக்ளினில் 1907இல் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்தவர். பதின்பருவத்திலேயே மேடையில் கூட்டு நடனம் ஆடிப் பிழைத்தவர். ஆகவே ஒப்பனை அறையின் நெருக்கடி அவருக்குப் புதிதன்று. கால் வலியும், கிழிந்த உடையைத் தைத்துக்கொண்டே பேசும் பேச்சும், ஒருத்தியை ஒருத்தி ஏசிவிட்டு அடுத்த நொடியே அவளுடைய முதுகுப் பொத்தானைப் பூட்டிவிடும் தோழமையும் படத்தில் அத்தனை இயல்பாக அமைந்திருக்கின்றன.

கதை நிகழும் இடம் ஒரு பழைய இசைநாடக அரங்கு. ஒருகாலத்தில் பெரிய பாடகர் பாடிய மேடையில் இப்போது பர்லெஸ்க் நடக்கிறது. ஒருநாள் காவலர் சோதனையிட வருகின்றனர். விளக்குகள் அணைகின்றன. அந்த இருளில் யாரோ டிக்ஸியின் கழுத்தை நெரிக்க முயல்கின்றனர், அவள் தப்பிவிடுகிறாள். பின்னர் லோலிடா என்னும் ஆட்டக்காரி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடக்கிறாள். கழுத்தில் இறுகியிருப்பது மேடையில் ஆட்டக்காரிகள் அணியும் மெல்லிய இடைக்கச்சை! காவல் ஆய்வாளர் எல்லாரையும் ஒரே அறையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். அதன் பிறகும் இன்னொருத்தி கொல்லப்படுகிறாள்.

கொலையாளியின் பெயரை இங்குச் சொல்ல மாட்டேன். படம் பார்க்க இருப்போரின் சுவையைக் கெடுத்த பழி எனக்கு வேண்டா. ஒன்று மட்டும் சொல்வேன். அந்த நெஞ்சில் இருந்தது பொறாமையோ பணத்தாசையோ அன்று. அப்பெண்கள் மீதான இகழ்ச்சி. ‘மேன்மையான இடத்தை இவர்கள் மாசுபடுத்திவிட்டனர்’ என்ற எண்ணமே கயிறாக மாறிக் கழுத்தை இறுக்கியது. நாங்கள் நால்வரும் அப்பெண்களுள் ஒருத்தியைக் குற்றவாளி என்று சொன்னோமே, அப்போது எங்கள் நெஞ்சில் இருந்ததும் அந்த இகழ்ச்சியின் ஒரு துளிதானே?

எழுதியவர் யார்?

இப்படத்தின் மூலக்கதை 1941இல் வெளிவந்த ‘தி ஜி-ஸ்ட்ரிங் மர்டர்ஸ்’ என்னும் நாவல். எழுதியவர் ஜிப்ஸி ரோஸ் லீ. இவர் பேராசிரியர் அல்லர், பத்திரிகையாளரும் அல்லர். பர்லெஸ்க் மேடையிலேயே பெரும்புகழ் பெற்றிருந்த ஆட்டக்காரி! நாவலில் கதையைச் சொல்பவளும் ஓர் ஆட்டக்காரியே. அவள் பெயரும் ஜிப்ஸிதான்.

நாவல் நன்றாக விற்பனையாயிற்று. உடனே ஊர் என்ன பேசியது தெரியுமா? ‘இவளாவது, எழுதுவதாவது! வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்’ என்று பேசியது. கிரெய்க் ரைஸ் என்னும் துப்பறியும் கதை எழுத்தாளரின் பெயர் நெடுங்காலம் அடிபட்டது. ஆயின் ஜிப்ஸி தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்கள் உள்ளன. கதையைப் பற்றியும் கையெழுத்துப் படியைப் பற்றியும் எழுத்தாளர் ஒருவருக்கு உள்ள கவலையெல்லாம் அவற்றில் தெரிகிறது. அடுத்த ஆண்டே இரண்டாம் நாவலையும், 1957இல் தன் வரலாற்றையும் அவர் எழுதினார். அந்தத் தன்வரலாறு 1959இல் பெயர்பெற்ற இசைநாடகமாகவும் ஆயிற்று.

தோழர்களே, இதுவும் ஒரு துப்பறியும் கதைதான். ‘இந்த நூலை எழுதியவர் யார்?’ என்பது வழக்கு. எழுதியவள் ‘நான்தான்’ என்கிறாள். ஊர் நம்ப மறுக்கிறது. ஆடுகிறவளுக்கு உடல் உண்டு. அறிவு இருக்க வழியில்லை என்பது ஊரார் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட தீர்ப்பு.

நம் திரையில்

அமெரிக்கரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்க வேண்டா. நம் வீட்டைச் சற்று நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்னும் நாடகக் கலைஞர் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் குழு நடத்தினார். அவருடைய நாடகம் காண வருவோருக்கென்றே இரயில் தனியாக ஓடியது என்பர். ‘தாரா சசாங்கம்’ நாடகத்தில் அவருடைய தோற்றத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. பேசியவர் பலர், பார்த்தவர் பலர். அவரே இறுதிக் காலத்தில் வறுமையில் வாடி மறைந்தார் என்று நாடக வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஆதரவற்ற பெண்கள் பலருக்குத் தம் குழுவில் சோறும் தொழிலும் கொடுத்தவர் அவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இனி நம் படங்களுக்கு வருவோம். தமிழில் துப்பறியும் படம் என்றதும் நினைவுக்கு வருவது 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஒட்டி நடக்கும் கதை. ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். ஐயத்திற்கு உரிய ஒவ்வொருவரும் தம் தம் பார்வையில் நடந்ததைச் சொல்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு நாவு உண்டு. அதனால் உண்மை சிறிது சிறிதாக வெளிவருகிறது.

பத்தாண்டு கழித்து, 1964இல் ‘புதிய பறவை’ வந்தது. தாதா மிராசி இயக்கிய அப்படம் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் இறந்தவள் சித்ரா. சிங்கப்பூரில் உல்லாச விடுதி மேடையில் பாடியவள். சௌகார் ஜானகி அவ்வேடத்தில் நடித்தார். அவளை மணந்த கோபாலாக நடித்தவர் சிவாஜி கணேசன். குடும்ப மானத்தைக் கெடுத்தாள் என்று அவளை அவன் ஓங்கி அறைகிறான், அவள் இறந்துபோகிறாள். தற்கொலை என்று தோன்றும்படி உடலை இரயில் பாதையில் கிடத்துகிறான். இறுதியில், காதலியாக நடித்த பெண் உண்மையில் துப்பறிய வந்தவள் என்று தெரியும்போது அவன் கதறுகிறான். அவனோடு சேர்ந்து கொட்டகை முழுவதும் கண்ணீர் விட்டது. நடிப்பின் திறம் அத்தகையது, மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உயிரோடு இருந்த சித்ராவைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? குடித்தாள், கணவனை மதிக்கவில்லை, மாமனார் சாவுக்குக் காரணமானாள் என்றெல்லாம் அறிகிறோம். இவற்றைச் சொல்பவர் யார்? அவளைக் கொன்ற கணவனே! அவள் பக்கத்துக் கதையைச் சொல்ல ஒருவரும் இல்லை. நாமும் கேட்கவில்லை. ‘மேடையில் பாடியவள்தானே, அப்படித்தான் இருந்திருப்பாள்’ என்று எளிதில் நம்பிவிடுகிறோம். ‘லேடி ஆஃப் பர்லெஸ்க்’ கதையை ஆட்டக்காரியே சொன்னாள். ‘புதிய பறவை’யில் பாடகியின் கதையைக் கொன்றவன் சொன்னான். இரண்டு படங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

காணிப்பாக்கத்துச் சத்தியம்

இதுவரை பிறர் கதை பேசினேன். இனிச் சொல்வது என் கதை.

நான் காணிப்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவன். சித்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் உள்ள அந்தத் தலத்தை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. முதற் குலோத்துங்கன் காலத்தில் கட்டப்பட்ட கோயில் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அங்குள்ள வரசித்தி விநாயகர் சத்தியத்திற்குச் சாட்சி. கடன் தகராறா? களவா? குடும்பச் சண்டையா? ‘காணிப்பாக்கம் வா, குளத்தில் முழுகிச் சத்தியம் செய்’ என்பார்கள். பொய்யன் அங்கு வர அஞ்சுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆற்றின் பெயருக்குச் சொல்லப்படும் கதைகூட நீதியைப் பற்றியதே. பசியால் பிறர் தோட்டத்து மாங்கனியைத் தின்ற லிகிதன் என்பவனுக்கு அரசன் கைகளை வெட்டும் தண்டனை கொடுத்தான். அவன் இந்த ஆற்றில் முழுகியபோது கைகள் மீண்டும் வளர்ந்தன என்பது கதை. சிறு குற்றத்திற்குப் பெருந்தண்டனை தகாது என்று ஆறே தீர்ப்பை மாற்றி எழுதிவிட்டது போலும்!

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் ஊர்த் திருவிழாவில் முதல் இரவு தெருக்கூத்து. மறுநாள் இரவு ரிக்கார்டு டான்ஸ். சினிமாப் பாட்டுக்கு ஆடும் அந்தக் குழுவில் ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் வந்திருந்தனர். மேடைக்குப் பின்னால் தென்னந்தட்டி கட்டி மறைத்த இடமே அவர்களுக்கு ஒப்பனை அறை. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பார்த்தனர். நாங்கள் சிறுவர் மூவர் தட்டியின் ஓட்டை வழியே பின்னால் பார்த்தோம். வெட்கக்கேடுதான், மறைத்துப் பயனில்லை.

நள்ளிரவில், விழா நடத்துவோரில் ஒருவருடைய சங்கிலி காணாமற் போயிற்று. அவரும் வேறு சிலரும் ‘ஏற்பாடு பார்க்கிறோம்’ என்று தட்டிக்குள் பலமுறை போய் வந்தவர்கள். ஆட்டம் நின்றது. எல்லார் விரலும் ஒரே பக்கம் நீண்டது. ஆட்டக்காரிகளில் மூத்தவளுடைய தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினர். பவுடர், சீப்பு, ஒரு குழந்தைச் சட்டை, மருந்துச் சீட்டு விழுந்தன. சங்கிலி இல்லை. அப்போதும் விடவில்லை. “விடிஞ்சதும் காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

அவள் அழவில்லை. “பண்றேன் சாமி, இப்பவே வரேன். ஆனா இந்தத் தட்டிக்குள்ள வந்து போன அண்ணமாருங்க எல்லாரும் என்கூட முழுகிச் சத்தியம் பண்ணட்டும்” என்றாள்.

கூட்டம் அடங்கிப்போயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. காணிப்பாக்கத்திற்கு யாருமே போகவில்லை. பேசிய கூலியில் பாதியை மட்டும் கொடுத்து, விடியுமுன் அவர்களை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டனர். சங்கிலி என்ன ஆயிற்று என்று நான் இன்றுவரை அறியேன்.

ஆனால் வேறொன்று அறிவேன். அன்று இரவு முழுவதும் தட்டி ஓட்டையில் கண் வைத்திருந்தவன் நான். அந்த அக்கா மேடைக்குப் போனதும், நேரே திரும்பி வந்து பெட்டி மேல் உட்கார்ந்ததும், மீண்டும் மேடைக்குப் போனதும் எனக்குத் தெரியும். வேறு எவர் அருகிலும் அவள் போகவில்லை. நான் சாட்சி. வாய் திறந்திருந்தால் ‘நீ அங்கு என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்று என் தந்தையார் கேட்பார். அந்த அச்சத்தில் ஊமையாக நின்றேன்.

அன்று அவள் கேட்டதைத்தான் படத்தில் காவல் ஆய்வாளர் செய்கிறார். திரைக்குப் பின்னால் இருந்த எல்லாரையும் ஒரே அறையில் நிறுத்துகிறார், எல்லாரையும் கேட்கிறார். துப்பறியும் கதையின் முதல் இலக்கணமே அதுதான். பள்ளிக்கூடம் அதிகம் பார்த்திராத ஓர் ஆட்டக்காரி அந்த இலக்கணத்தை எங்கள் ஊருக்குக் கற்பிக்க முயன்றாள். ஊர் கற்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சித்தூரின் இராமவிலாச சபையில் நாடகம் நடித்துப் பெயர் பெற்றவர் நாகையா. ‘சித்தூர் நாகையா’ என்று ஊரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1965இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. தகுதியான பெருமை, நமக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அதே மாவட்டத்தின் ஊர்தோறும் ஆடிச் சென்ற அந்தப் பெண்ணுக்கு எந்த ஊரும் தன் பெயரைக் கொடுக்கவில்லை. அவளுடைய பெயர் என்ன என்று நானும் கேட்டதில்லை.

கற்க வேண்டியது

துப்பறியும் படத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. நம் மனம் எவ்வாறு ஐயம் கொள்கிறது என்பதை இரண்டு மணி நேரத்தில் நமக்கே காட்டிவிடும் பாடம் அது. படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். முதலாவது, யார் மீது முதலில் ஐயம் கொண்டேன், சான்று ஏதேனும் இருந்ததா? இரண்டாவது, இக்கதையை எனக்குச் சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம்? மூன்றாவது, இன்னும் கேள்வி கேட்கப்படாமல் நிற்பவர் யார்?

இக்கேள்விகள் திரைப்படத்தோடு நிற்பவை அல்ல. விடுதியில் ஒரு கைப்பேசி காணாமற் போனால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? அறையைக் கூட்ட வரும் அம்மாவைத்தானே? அவரிடம் கேட்ட கேள்வியை அறைத்தோழனிடம் கேட்டோமா?

நம் சங்கத்தின் சார்பில் ‘லேடி ஆஃப் பர்லெஸ்க்’, ‘புதிய பறவை’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் திரையிட்டு, பின்னர் ஒரு கலந்துரையாடல் நடத்த வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முன்னதன் பதிப்புரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாமையால் அது அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டது. படி கிடைப்பதில் தொல்லை இராது. பந்தயம் கட்ட விரும்புவோர் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்த பின் அத்தாளைப் படிப்பதே உண்மையான காட்சி.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது தனியே காணிப்பாக்கம் சென்றேன். குளத்தில் முழுகி எழுந்தேன். பன்னிரண்டு வயதில் சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னேன்: அந்த அக்கா பெட்டியை விட்டு அகலவில்லை, நான் பார்த்தேன். கேட்க வேண்டியவர்கள் அங்கு ஒருவரும் இல்லை. ஆகையால் இங்கும் எழுதி வைக்கிறேன்.